நிறுத்திவைத்த மூன்று கமெண்டுகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. ஆவணி மாதம் என் தம்பி தாய்லாந்தில் வேலை என்று விமானம் ஏறினான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை என்றார்கள்.

2. அவன் கிளம்பிய பதினோராம் நாள் அவனுடைய போன் அணைந்தது. அதன்பிறகு அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

3. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் அம்மன் கோயில் பூஜையை நான் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து நான்கு நட்சத்திரங்களுக்கு அர்ச்சனை கேட்டு ஒரு கமெண்ட் வந்தது.

4. அந்த நான்கில் ஒன்று என்னுடையது. எங்கள் வீட்டு நான்கு பேரைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது.

5. மூன்று வெள்ளிக்கிழமைகள் அந்தக் கணக்கு வந்தது. நான்காவது வெள்ளிக்கிழமை வரவில்லை.

6. வந்த வாரங்களில் தான் இருக்கும் இடத்தை அவன் எங்களுக்கு எழுதினான். நான் அதைப் பார்க்கவில்லை. என் கண்ணில் படாமல் தடுத்தது நானே போட்டு வைத்திருந்த விதி.

ஆறாவதை எழுதுவதற்காகத்தான் மற்ற ஐந்தும்.

எங்கள் வீடு ஆவடிக்கு அந்தப் பக்கம், முத்தாபுதுப்பேட்டையில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நானும் அம்பத்தூருக்குத்தான் போகிறேன், ஓர் ஐ.டி. அலுவலகத்துக்கு. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தான். சும்மா என்பது அம்மாவின் சொல். அந்த இரண்டு வருடத்தில் அவன் ஐந்து வேலைகளுக்குப் போய்வந்தான், ஒன்றும் நிலைக்கவில்லை. வெளிநாட்டு வேலை என்றதும் வீட்டில் யாரும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். ஒழுங்காக இருந்தது.

போன் அணைந்து பத்து நாள் கழித்துப் புகார் கொடுத்தோம். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்கான ஓர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மேசையில் இருந்தவர் அப்பாவையும் என்னையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதே எனக்குப் பயமாக இருந்தது.

"தாய்லாந்துன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. அங்கேருந்து ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற வேற நாட்டுக்குக் கொண்டுபோயிடுறாங்க. போனை வாங்கிடுவாங்க. பொம்பளை பேர்ல, பொம்பளை போட்டோ வெச்சு, வெளிநாட்டுல இருக்கிறவங்ககிட்ட ஏமாத்திப் பேச வைப்பாங்க. அதான் அங்க வேலை."

"எங்க கீறான்னு தெரிஞ்சா இட்டுகினு வந்துடுவீங்களா சார்?" என்று அப்பா கேட்டார்.

"எந்தக் கட்டடம்னு தெரிஞ்சா கேக்கலாம். அந்த ஆத்தங்கரை முழுக்க ஒரே மாதிரி கட்டடம்தான் சார். எப்படியாவது இடத்தைத் தெரிஞ்சுகிட்டு வாங்க."

அன்றிலிருந்து எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இடம்.

கோயில் நேரலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரடங்கின்போது பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூஜை செய்யலாம் என்றிருந்தது. அப்போது நான் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி வைத்து ஆரம்பித்தேன். கோயில் திறந்த பிறகு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பார்க்கிறவர்கள் விடவில்லை. ஊரைவிட்டு ஓசூர், மஸ்கட், சிங்கப்பூர் என்று போனவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பெயரும் நட்சத்திரமும் கமெண்டில் எழுதுவார்கள். நான் அதைப் பார்த்துச் சீட்டில் எழுதிப் பூசாரியின் தட்டில் வைப்பேன். அவர் மைக்கில் படிப்பார். நேரலை இருபது நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அந்த இருபது நொடி கழித்து, "கேட்டுச்சு" என்று அவர்களிடமிருந்து வரும். ஒரு கடல் தாண்டி இருப்பவருக்குத் தன் பெயர் அம்மன் முன்னால் சொல்லப்படுவது கேட்க வேண்டும். பூஜையைவிட அதற்காகத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பூசாரி எனக்கு மாமா முறை. பகலில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. கண்ணாடி போட மாட்டார். சீட்டில் என்ன இருந்தாலும் அப்படியே படிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வசிய ஜோதிடர் ஒருவர் தன் விளம்பரத்தை அர்ச்சனை போலவே எழுதியிருந்தார். நான் அவசரத்தில் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து இலக்க போன் நம்பரை முழுதாகப் படித்து, "சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும்" என்று முடித்தார். ஊரே சிரித்தது. மறுநாள் நான் ஒரு விதி போட்டேன். நான்கு இலக்கத்துக்கு மேல் எண் உள்ள எந்தக் கமெண்டும் திரையில் வராது. அது தனியாக ஒரு பட்டியலில் நிறுத்திவைக்கப்படும். முதல் சில வாரங்கள் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஜோதிடர், கடன், சீட்டாட்டம், மறுபடி ஜோதிடர். அப்புறம் திறப்பதை விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை நல்ல மழை. கோயிலுக்கு வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை, நேரலையில் நாற்பது பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கின் படத்தில் சுருட்டை முடியோடு ஒரு வெளிநாட்டுப் பெண் கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட கணக்குகளை நான் படிக்காமலே தள்ளிவிடுவேன். ஆனால் எழுதியிருந்தது தமிழ். உத்திராடம், ரோகிணி, மூலம், சுவாதி, அர்ச்சனை. அவ்வளவுதான். பெயர் இல்லை.

கை பழக்கத்தில் சீட்டில் எழுதித் தட்டில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மூன்றாவது சொல் உறைத்தது.

நான் மூல நட்சத்திரம். பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று பெண் கேட்டு வருபவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அம்மாவின் பயம். அதனால் என் ஜாதகத்தையே அனுஷத்துக்கு மாற்றி எழுதி வாங்கிவிட்டாள். ஊரில் நான் அனுஷம், உறவில் அனுஷம், பூசாரிக்கும் அனுஷம். "சாமிக்குத் தெரியும், அது போதும்" என்பாள். அப்பா உத்திராடம், அம்மா ரோகிணி, தம்பி சுவாதி. எங்கள் வீட்டில் எப்போதும் அந்த வரிசையில்தான் சொல்வோம்.

"இன்னாமா பாப்பா, பேரே இல்லாம நட்சத்திரம் மட்டும் கீது?" என்று மாமா மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"படிங்க மாமா."

அவர் படித்தார். நான் கோயில் கணக்கிலிருந்து, "பெயர் குறிப்பிடவும்" என்று எழுதினேன். மூன்று முறை அழித்து எழுதினேன். இருபது நொடி. அப்புறம் இன்னொரு இருபது நொடி.

"பேரு வேணாம். சாமிக்குத் தெரியும்" என்று பதில் வந்தது.

அம்மா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது வேறு. எழுந்து என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்டி, உனுக்கு அறிவு கீதா? மூலத்த எதுக்குடி எழுதிக் குடுத்தே? மஸ்கட்டு வரைக்கும் கேட்டுகினு கீறாங்க" என்றாள்.

போனைத் திருப்பிக் காட்டினேன். அம்மா அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"யாருடி இந்தப் பொம்பள?"

"தம்பிம்மா."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்து வேப்பிலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஒன்று, இதை யாரிடமும் சொல்லக்கூடாது. அவனை வேலை வாங்குகிற இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த மேற்பார்வையாளர்கள் இருக்கலாம். இரண்டு, நேரலையில் அவனைக் கூப்பிட்டு எதையும் எழுதக்கூடாது. அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். மறுநாள் காலை வேப்பம்பட்டிலிருக்கும் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அம்மாவே போன் செய்து சொல்லிவிட்டாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் எல்லாரும் துக்கம் விசாரிப்பதுபோல் அவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறான் என்று ஒருவரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு நான் ஒரு வாரம் யோசித்தேன். எங்கே இருக்கிறாய் என்று அவனை மட்டும் எப்படிக் கேட்பது? எல்லாரையும் கேட்பது என்று முடிவு செய்தேன். பூஜை தொடங்கியதும் கோயில் கணக்கிலிருந்து ஓர் அறிவிப்புப் போட்டேன். பக்தர்கள் அர்ச்சனையோடு தங்கள் இருப்பிடத்தையும் குறிப்பிடவும். யாருக்கும் சந்தேகம் வராது. மஸ்கட், ஓசூர், திருநின்றவூர், சிங்கப்பூர் என்று வந்தது. அத்தை தன் வீட்டுக்கு வழியே எழுதினாள், ஸ்டேஷனில் இறங்கி இடது கைப்பக்கம் என்று.

அந்தப் பெண் படக் கணக்கிலிருந்து நான்கு நட்சத்திரங்கள் வந்தன. நான் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "எல்லாரும் சாப்ட்டீங்களா" என்று மட்டும் வந்தது. தீபாராதனை முடிந்தது. வேறொன்றும் வரவில்லை.

அவனால் சொல்ல முடியவில்லை, யாரோ பின்னால் இருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். என் நோட்டில் இதுவரை வந்த கமெண்டுகள் நான்கு என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை உறவுக்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் போய்த் தலையைக் காட்ட வேண்டும். வந்தேன் என்று அந்த வீட்டார் கண்ணில் பட வேண்டும். வராதவர்களைப் பத்து வருடம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள். அத்தை இரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு பேர் எத்தனை பேரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. ஆறரை மணிக்குப் பார்ப்பவர்கள் நாற்பது, ஆறு நாற்பதுக்கு நூற்று இருபது. யாரும் வெறுமனே பார்த்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருவராகத் தலையைக் காட்டினார்கள்.

"தம்பி சாப்ட்டியா?"

"டேய் மச்சான் எங்கடா கீறே? ஒரு வார்த்த சொல்லுடா."

"நைனா, உங்கம்மா தெனம் அழுதுகினு கீறா. எப்ப வருவே?"

"நான் உன் சின்ன மாமா. பூந்தமல்லியிலேருந்து பாக்குறேன்."

நான் அழித்தேன். இரண்டை அழித்தால் ஐந்து வந்தன. அர்ச்சனை தவிர வேறெதுவும் எழுத வேண்டாம் என்று அறிவிப்புப் போட்டேன். அது மற்றவர்களுக்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அத்தைக்குப் போன் செய்தேன். "நிறுத்தச் சொல்லுங்க அத்தே, அவனுக்கு ஆபத்து."

"நானு சும்மா எப்டி கீறேன்னுதான்டி கேட்டேன். அதுல இன்னா ஆபத்து? புள்ளைக்கு நாம எல்லாம் கீறோம்னு தெரிய வேணாமா?"

அதற்கு நடுவில் நான்கு நட்சத்திரங்கள் ஒருமுறை வந்தன. மாமா, "இன்னா பாப்பா, ஆடித் திருவிழா மாதிரி கூட்டம் கீது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் படித்தார். என் நோட்டில் ஐந்து என்று எழுதினேன். நேரலையை நிறுத்திவிடலாமா என்று என் கை இரண்டு முறை பொத்தானுக்குப் போனது. நிறுத்தினால் அவனுக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபடும். நிறுத்தவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் வரவில்லை. உறவுக்காரர்கள் அந்த இரண்டு வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் குறைந்தார்கள்.

அம்மா அத்தையோடு பேச்சை நிறுத்தினாள். அத்தை நேரில் வந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "உன் வாயாலதான்டி எம்புள்ள போனான். தலையக் காட்டிட்டே இல்ல? போ" என்றாள். அத்தை, "அண்ணி, அப்டி சொல்லாதீங்க அண்ணி" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் நடுவில் நின்றேன். அப்போது நானும் அம்மா சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். அத்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம், புகார் கொடுத்திருந்த அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னோம். மேசையில் இருந்தவர் அந்தக் கமெண்டுகளை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். இடம் தெரியாவிட்டாலும் அவன் உயிரோடு இருந்ததற்கு அது ஆதாரம் என்றார். திரையைப் படம் எடுத்துக் கொடுத்தால் நம்பமாட்டார்கள் என்று, தளத்திலிருந்து முழுப் பதிவையும் இறக்க ஒரு சிறிய நிரல் எழுதினேன். அந்தக் கணக்கின் பெயரை மட்டும் சலித்து எடுத்தேன்.

எட்டு வரிகள் வந்தன.

என் நோட்டில் ஐந்து. நிரலில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். எட்டு. ஐந்து வரிகளின் கடைசியில் 'வெளியிடப்பட்டது' என்று இருந்தது. மூன்று வரிகளின் கடைசியில் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது.

முதலாவது, இரண்டாவது வெள்ளிக்கிழமை, நான் இருப்பிடம் கேட்டு அறிவிப்புப் போட்ட மூன்றாவது நிமிடம்: "அக்கா இத மேப்ல போட்டுப் பாரு. மூணாவது மாடி. தமிழ் பசங்க எட்டு பேர் கீறோம்." அதோடு நீளமான இரண்டு எண்கள், புள்ளி வைத்து.

இரண்டாவது, உறவுக்காரர்கள் வந்த அன்று: "அக்கா அவங்கள எழுத வேணாம்னு சொல்லு. பின்னாடி நின்னு பாக்குறாங்க." மறுபடி அதே இரண்டு எண்கள்.

மூன்றாவது, அதற்கு நான்கு நிமிடம் கழித்து. வார்த்தையே இல்லை. எண்கள் மட்டும்.

நான் கேட்டேன், அவன் உடனே சொல்லியிருக்கிறான். அக்கா எல்லாவற்றையும் படிப்பாள் என்று நம்பி, "எல்லாரும் சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான். அடுத்த வாரம் எண்களை மறுபடியும் எழுதியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் எண் இருந்ததால்தான் நின்றது. எண் இல்லாமல் எழுதியிருந்தால், அவங்கள எழுத வேணாம்னு சொல்லு என்பதாவது என் கண்ணில் பட்டிருக்கும்.

மேப்பில் போட்டேன். ஆறு ஓரிடத்தில் வளைகிறது. அதற்கு உட்பக்கம் நீல நிறக் கூரையோடு ஒரே மாதிரி ஒன்பது கட்டடங்கள். எண்கள் கொண்டுபோய் நிறுத்தியது ஆற்றிலிருந்து நான்காவதில். பெரிதாக்கிப் பார்த்தேன். கூரைதான் தெரிந்தது. நான் இன்னும் பெரிதாக்கினேன். கலங்கிப் போகும் வரை பெரிதாக்கினேன்.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வரிசையாகச் சொன்னேன். விதி என்ன, எதற்காகப் போட்டேன், பட்டியலை ஏன் பார்க்கவில்லை, என்ன எழுதியிருந்தான், எந்தத் தேதி.

"அப்போ அவன் சொல்லிட்டான்" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"நாமதான் கேக்கல."

"நான்தான் கேக்கலப்பா."

"எத்தினி நாளாச்சு?"

"நம்பர் முதல்ல வந்து அஞ்சு வாரம்."

அவர் துணியை மடித்து வைத்தார். விரித்து மறுபடியும் மடித்தார். "அஞ்சு வாரம்" என்று அவருக்கே சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். "ஆபீஸ் பூட்டிருப்பான். காலைல மொத ஆளா போவணும். அந்தப் பேப்பர ரெண்டு காப்பி எடு."

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைந்த அரிசியை உலையில் போட்டாள். சோறு வெந்த பிறகு போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். "நீ இல்லமா. நீ இல்ல. இவதான்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள், வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி என்பதால் என்னால் அழவும் முடியவில்லை.

காலையில் எண்களைக் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்தவர் உடனே அனுப்பினார், அதில் எனக்குக் குறை இல்லை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த இடத்தில் இருந்தவர்களை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள், கட்டடம் காலி என்று. எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். நான் அதே கேள்வியை வேறு வேறு மாதிரி நான்கு முறை கேட்டேன். எண்கள் முதலில் வந்த வாரமே கொடுத்திருந்தால் என்று கேட்கவில்லை. அவரே, "அதெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றார்.

அதன்பிறகு நான் செய்தவற்றில் அறிவு எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விதியை எடுத்துவிட்டேன். இப்போது ஜோதிடர்கள் தாராளமாக வருகிறார்கள், ஒவ்வொரு எண்ணையும் படிக்கிறேன். கமெண்ட் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு நட்சத்திரங்களை முதல் சீட்டாக எழுதிக் கொடுக்கிறேன். மூலத்தை மூலம் என்றே எழுதுகிறேன். அம்மா தடுக்கவில்லை. ஒருவேளை எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் அவனால் பார்க்க மட்டும் முடியலாம், எழுத முடியாமல் இருக்கலாம். எழுதியது வந்து சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மாமாவிடம் கடைசியில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். அவர் நான்கையும் படித்துவிட்டு, "கிடைச்சுது" என்கிறார். புதிதாக வந்தவர் ஒருவர் அர்ச்சனையில் இது என்ன மந்திரம் என்று கேட்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பார்ப்பவர்கள் எண்ணிக்கை முப்பத்து நான்கு என்று காட்டியது. யார் பார்க்கிறார்கள் என்று தளம் சொல்லாது, எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்லும். எனக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கமாக வருபவர்கள் எல்லாருடைய நம்பரும் என்னிடம் இருக்கிறது. பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே கோயில் பின்பக்கம் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இப்போது நேரலை பார்க்கிறீர்களா? எந்தப் போனில்? வீட்டில் வேறு யாராவது தனியாகப் பார்க்கிறார்களா? மஸ்கட், ஓசூர், சிங்கப்பூர், பூந்தமல்லி. ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டேன். சிலர் பதறிப்போய், "ஏன்மா, தம்பி வந்துட்டானா?" என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன். என் போனையும் சேர்த்து முப்பத்து மூன்று கோடு.

ஒன்று மீதி.

இரண்டு முறை எண்ணினேன். ஒன்று மீதி இருந்தது. எண்ணிக்கை மாறாமல் முப்பத்து நான்கிலேயே நின்றது. யாரோ ஒருவர் எதுவும் எழுதாமல், எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓடிப்போய் மாமாவிடம், "இன்னொரு வாட்டி படிங்க, நாலு நட்சத்திரத்தையும் இன்னொரு வாட்டி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நான் அவளிடம் போனில் பார்ப்பவர்கள் எண்ணிக்கையைக் காட்டி ஒரு விரலைத் தூக்கினேன். அவளுக்குப் புரிந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள், அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்போதுதான் ஒருவரிடம் மட்டும் மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்தது. அழுதுவிடுவாள் என்று சீக்கிரம் வைத்துவிட்டிருந்தேன்.

"அத்தே, நீங்க எதுல பாக்குறீங்க?"

"டிவியிலடி. மாப்ளதான் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. பெருசா தெரியுது."

"டிவியில மட்டுமா?"

"போன்லயும் ஓடுது. டிவியில லைக் போட முடியலையே."

"போனை நிறுத்துங்க அத்தே. ஒரு நிமிஷம்."

"ஏன்டி, நான் எதுவும் எழுதலடி. சத்தியமா ஒரு எழுத்து எழுதல. லைக் மட்டும்தான்டி போட்டேன்."

"தெரியும் அத்தே. சும்மா நிறுத்துங்க."

எண்ணிக்கை முப்பத்து மூன்றுக்கு இறங்கியது. அம்மா இன்னும் கேமராவைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் கையை இறக்கிவிட்டேன். என்ன என்று கேட்டாள். அத்தை என்றேன்.

இப்போது மாசி. புகார் அலுவலகத்தில் இருக்கிறது. எண்களும் எட்டு கமெண்டுகளின் பதிவும் அதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆற்றங்கரையிலிருந்து இரண்டு முறை ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் தம்பியின் பெயர் இல்லை. அவனோடு இருந்த மற்ற ஏழு பேர் யார் என்று எங்களுக்குத் தெரியாததால், அவர்களில் யாராவது வந்துவிட்டார்களா என்றும் தெரியாது. அவன் கடைசியாக எழுதிப் பதினான்கு வாரம் ஆகிறது. அந்தக் கணக்கு அழிக்கப்படவில்லை. அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.